செப்டம்பர் மூளை

ஏப்ரல் 6, ஞாயிறு

டொக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். கைபேசி பார்க்கக் கூடாதாம். தொலைக்காட்சி கூடாதாம். புத்தகம்கூட வேண்டாமாம். தலை எப்படி இருக்கிறது என்று தினமும் நாலு வரி கையால் எழுதினால் போதுமாம். தமிழில் எழுதுகிறேன். எங்கள் அணியில் என்னைத் தவிர ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. இதைவிடப் பாதுகாப்பான பூட்டு ரொறன்ரோவில் விற்பனைக்கு இல்லை.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஐஸ் ஹொக்கி அரையிறுதி. நான் சுவரோரமாகப் போய், பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டை எடுத்துத் திரும்பும்போது எதிரணிக்காரி ஒருத்தி பின்னாலிருந்து வந்து மோதினாள். என் ஹெல்மெட் கண்ணாடித் தடுப்பில் அடித்தது. விழுந்தேன். எழும்பினேன். அவ்வளவுதான். இரண்டு பேர் என்னைத் தாங்கிக்கொண்டு போனார்கள் என்று ரமணன் சொல்கிறார். ரமணன் என் கணவர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், எதையும் திருத்திச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர்கள் கை கொடுத்தார்கள், தாங்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நிரோஜா ரமணன். வயது முப்பத்துநான்கு. லேக்ஷோர் ஹெரன்ஸ் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் தலைவி, இடப்பக்கத் தற்காப்பு, சட்டை இலக்கம் எட்டு. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தலை நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

பிரிட்ஜ் பழுதாகிவிட்டது. அடுப்படியில் நிற்க முடியவில்லை, அப்படி இரைகிறது. ரமணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எப்பவும் போலத்தானே இருக்கு" என்றார். வாத்தியாருக்கு இயந்திரம் பற்றி என்ன தெரியும்? திருத்துகிறவனைக் கூப்பிட்டேன். அவனும் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். இந்த நாட்டில் ஒருவனுக்கும் ஒழுங்காக வேலை தெரியாது. வயரைப் பிடுங்கிவிட்டேன். பால் பழுதாகிப்போனது, போகட்டும்.

அணி நிர்வாகத்தின் செயலியில் தினமும் கேள்விக்குப் பதில் போட வேண்டும். அதற்கு மட்டும் கைபேசியை எடுக்கலாமாம். தலையிடி எவ்வளவு, தலைச்சுற்று எவ்வளவு, வெளிச்சம் கூசுகிறதா, சத்தம் பிடிக்கவில்லையா? எல்லாவற்றுக்கும் முட்டை போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

செப்டம்பர் பற்றி எழுத வேண்டும். அதுதான் என்னைக் காப்பாற்றப்போகிறது.

ஒவ்வொரு செப்டம்பரிலும், ஆட்டக்காலம் தொடங்குமுன் எங்களை ஒவ்வொருத்தியாகக் கொம்பியூட்டரின் முன் இருத்துவார்கள். திரையில் சொற்கள் வரும், ஞாபகம் வைத்திருந்து பிறகு சொல்ல வேண்டும். வடிவங்கள் வரும். பச்சை நிறம் வந்தால் சட்டென்று விசையை அழுத்த வேண்டும். கிடைக்கும் புள்ளிதான் நம்முடைய சுகமான மூளையின் அளவு. இடையில் தலையில் அடிபட்டால் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். புள்ளி குறைந்தால் ஐஸில் இறங்க முடியாது.

இதைக் கண்டுபிடித்த பேராசிரியர்கள் ஒரு ஹொக்கிக்காரியையும் நேரில் கண்டதில்லை போலிருக்கிறது. என்னுடைய முதல் வருடத்திலேயே கோல் காக்கும் டாரா காதுக்குள் சொல்லித் தந்தாள்: செப்டம்பரில் கொஞ்சம் மொக்காக இரு. முதலிலேயே குறைவாக எடுத்துவிட்டால் பிறகு குறைவதற்கு எதுவும் இல்லை. அணியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் என்னளவுக்கு அழகாக ஒருத்தியும் செய்வதில்லை. போன செப்டம்பரில் தெரிந்த சொற்களில் பாதியை வேண்டுமென்றே விட்டேன். பச்சை வந்தபோது நிதானமாகக் கொட்டாவி விட்டேன். புள்ளியைப் பார்த்து எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது.

ஆகவே அடுத்த புதன்கிழமைச் சோதனைக்கு நான் பயப்படவில்லை. டொக்டரும் மற்றவர்களும் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

தலையிடி இல்லை. வாந்தி எடுத்தது நேற்றைய மீனால். ரமணனும் அதே மீனைத்தான் சாப்பிட்டார், ஆனால் அவருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

ஏப்ரல் 12, சனி

அம்மா ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி, கத்தரிக்காய்க் குழம்பும் புட்டும் கொண்டுவந்தார்.

ஒன்பது வயதில் சாவகச்சேரியிலிருந்து கனடாவுக்கு வந்தேன். அப்பாவுக்கு ஒரு ஐஸ் அரங்கில் வேலை கிடைத்தது. ஆட்டத்துக்கு இடையில் ஐஸை மட்டமாக்கும் அந்தப் பெரிய வண்டியை ஓட்டுவார். யாரோ விட்டுவிட்டுப் போன சறுக்குச் சப்பாத்தை ஒரு நாள் எனக்குக் கட்டிவிட்டார். ஒரு காலுக்குப் பெரிது, மற்றக் காலுக்கு அதைவிடப் பெரிது. விழுந்துகொண்டே இருந்தேன். எழும்பும் ஒவ்வொரு தரமும் அப்பா வண்டியின் ஹோர்னை அடித்தார். நான் பெரிய கோப்பை வாங்கியபோது அவர் இருக்கவில்லை. இருந்திருந்தால் அரங்கமே செவிடாகியிருக்கும்.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சொல்தான்: வேண்டாம். பன்னிரண்டு வயதில் என் சப்பாத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தார். சொந்தக்காரர் கேட்டால் "பிள்ளை ஐஸில டான்ஸ் பழகுறா" என்று சொல்லிவைத்தார். என் முன்பல் உடைந்தபோது, "பல்லில்லாத பொம்பிளையை ஆரடி கட்டுவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரமணன் பெண் பார்க்க வந்த அன்று நான் பொய்ப்பல்லைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மிச்சத் தேநீரையும் குடித்தார். கட்டினார். அதற்கெல்லாம் முன், பள்ளி முடித்ததும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டுக்காக என்னை எடுத்தபோது அம்மா அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். போனேன். கனடா அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் அவர் மாறினார். இப்போது எங்கள் அரங்கில் நடக்கும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார். கழகத்தின் பச்சைச் சால்வையைச் சீலைமேல் சுற்றிக்கொண்டு, "பிடி அவளை! விடாத!" என்று கத்துவார். நடுவருக்குத் தமிழ் தெரியாதது அம்மாவின் நல்ல காலம். தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது முன்வரிசையில் இருந்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் சிறுமிகள் எட்டாம் இலக்கச் சட்டையோடு வருகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அம்மா வேண்டாமென்று சொன்ன ஒவ்வொன்றையும் செய்துதான் நான் நிரோ ஆனேன். இதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இன்று என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை வீட்டுக்குள்ள கறுப்புக் கண்ணாடி?"

"பல்ப் சரியில்லை அம்மா. கண்ணைக் குத்துது."

அம்மா பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குள் போய் ரமணனோடு மெல்லிய குரலில் நீண்ட நேரம் கதைத்தார். என் சமையலைப் பற்றித்தான் இருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. பருப்பு அடிப்பிடித்துவிட்டது, புது அடுப்பின் குற்றம். கிளறலாம் என்றால் அந்தச் சாமானைக் காணவில்லை. கறி கிளறும் அது. நீளமாக, நுனியில் குழிவாக இருக்கும். ரமணனிடம் கேட்கப் பெயர் வரவில்லை. இருபத்தைந்து வருடம் கனடாவில் இருந்தால் தமிழ் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாகக் கழன்று விழும்.

கோயிலில் தவில் தொடங்கியதும் வெளியே வந்து காருக்குள் இருந்தேன். சனம் சேர்ந்து படம் எடுக்கக் கேட்கும், அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான். ரமணன் வந்து அம்மா கோயிலின் உள்வீதியைச் சுற்றி விழுந்து கும்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த முழங்காலோடு! எங்கள் அணி வெல்ல வேண்டுமென்று நேர்த்திக்கடனாம். ஹெரன்ஸ் மேல் இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

வென்றுவிட்டேன்.

செப்டம்பரில் நடித்ததால் இன்று நடிக்கத் தேவையிருக்கவில்லை. முழுப் பலத்தையும் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் பிடித்தேன். பச்சை வந்தவுடன் அழுத்தினேன். முடித்து எழும்பியபோது சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அணியின் சிகிச்சையாளர் ஹெதர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். செயலியையும் பார்த்தாள். எல்லாம் முட்டை.

"அப்படியே செப்டம்பர் மாதிரியே இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நீ சுகமாகிவிட்டாய். மெதுவாக ஐஸில் இறங்கலாம்."

செப்டம்பரில் பாதி மூளையோடு செய்தேன். இன்று முழு மூளையோடு செய்தேன். இரண்டும் ஒன்று. நல்ல அதிர்ஷ்டம். இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

ஐஸ்! காலையில் ஒருவரும் ஓடாத, பளபளவென்ற ஐஸ். என் கால்களுக்குத் தலையைக் கேட்கத் தேவையில்லை, அவை தாமாக ஓடின. பின்பக்கமாகச் சறுக்கினேன், திரும்பினேன், நின்றேன். குளிர் காற்று முகத்தில் அடித்தபோது கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். முப்பத்துநான்கு வயதுக்காரி வீட்டில் இருந்து பின்னல் வேலை செய்யலாம் என்று எழுதிய விளையாட்டு நிருபர் வந்து பார்க்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் வேறு யாருடையதோ சப்பாத்துகள் கிடந்தபோதுதான் தெரிந்தது. பழக்கதோஷம். அதை விற்று நாலு வருடமாகிறது.

ஏப்ரல் 21, திங்கள்

இறுதித் தொடர் இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. நான் இல்லாமலே பிள்ளைகள் இரண்டு ஆட்டம் வென்றார்கள். கடைசி ஆட்டம் சனிக்கிழமை, எங்கள் அரங்கில். நான் இறங்குவேன் என்று கோச் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேண்டாமென்று சொல்லுவார், என்ன பதில் சொல்ல வேண்டுமென்று யோசித்து வைத்திருந்தேன்.

"விளையாடு பிள்ளை," என்றார். "ஏன் விளையாடாமல்? கோயில் ஆக்கள் ஒரு பஸ் பிடிச்சு வருகினம். நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"டொக்டர் கவனமா இருக்கச் சொன்னவர் அம்மா."

"டொக்டர்மாருக்கு என்ன தெரியும்? நீ விளையாடு."

குரல் பள்ளிக்கூட மேடையில் பாடமாக்கி ஒப்பிக்கிற பிள்ளையின் குரல் போல இருந்தது. ரமணனிடம் கேட்டேன். "உம்மட விருப்பம்," என்றார். என் வாழ்க்கையில் முதன்முறையாக எல்லோரும் சம்மதம் சொல்கிறார்கள். எனக்கு ஏனோ கோபம் கோபமாக வருகிறது.

ஏப்ரல் 23, புதன்

எலோடிக்கு இடம் வலம் தெரியாது! வலப்பக்கத் தற்காப்பில் என்னோடு சோடியாக விளையாடுகிற பிள்ளை, கியூபெக்காரி. பயிற்சியில் நான் இடப்பக்கமாகப் பின்வாங்கும்போது குறுக்கே வந்து நின்றாள். முழு வேகத்தில் மோதிவிட்டேன். சுவரில் போய் அடிபட்டு விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. தலைவி என்ற முறையில் நாலு பேருக்கு முன்னால் நன்றாகக் கொடுத்தேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏச்சு வாங்கத் தெரியாது.

ஏப்ரல் 24, வியாழன்

கோச் பயிற்சியின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். எலோடி தன்னுடைய இடத்தில்தான் நின்றாள். நான்தான் வலப்பக்கம் போயிருக்கிறேன். இடப்பக்கம் என்று நினைத்துக்கொண்டு.

கோச் சிரித்து, "கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் போய்விடும்," என்றார்.

பதினாறு வருடமாக நான் இடப்பக்கம் விளையாடுகிறேன். நித்திரையில் தள்ளிவிட்டாலும் இடப்பக்கம்தான் விழுவேன். இது துரு இல்லை.

இப்போது எழுதுகிறேன். தலை இடிக்கிறது. முதல் நாளிலிருந்து இடிக்கிறது. பிரிட்ஜுக்கு ஒன்றுமில்லை. பல்புக்கு ஒன்றுமில்லை. மீன் நல்ல மீன். செப்டம்பரில் நான் நடித்த அந்த மொக்கு இப்போது நான்தான், நடிக்காமலே. என் மூளை உண்மையில் எவ்வளவு என்று சொல்ல உலகத்தில் ஒரு தாளும் இல்லை. அப்படி ஒன்று இல்லாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

ரமணன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் சனிக்கிழமை விளையாடட்டோ?"

"உம்மட விருப்பம்," என்றார், நிமிராமல். பிடித்த கத்தி வெங்காயத்தில் அப்படியே நின்றது.

"வேண்டாமெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "உம்மட விருப்பம்," என்று திரும்பவும் சொன்னபோது குரல் உடைந்தது. வெங்காயம் என்றார்.

எனக்குக் கெட்ட ஆத்திரம் வந்தது. இவ்வளவு காலமும் யாராவது மறிப்பார்கள், நான் பாய்வேன். இப்போது கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. சோதனைத் தாள் போ என்கிறது, கோச் போ என்கிறார், அம்மா பஸ்ஸே பிடித்துவிட்டார். வேண்டாமென்று சொல்ல மிச்சமிருப்பது நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பயிற்சிக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த நேரம். எல்லோரும் இருந்தார்கள். "நாளைக்கு நான் இறங்க மாட்டேன். என் தலை சரியில்லை," என்றேன். கோச் முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு ஹெதரைக் கூப்பிட்டார். ஹெதர் தாளைக் கொண்டுவந்தாள்.

"நீ சோதனையில் சித்தியடைந்திருக்கிறாய், நிரோ. இதோ, காகிதம் சொல்கிறது."

"அப்படியென்றால் காகிதத்துக்கு உடுப்பைப் போட்டு இறக்குங்கள்," என்றேன்.

கோச் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். இது உன் கடைசிக் கோப்பையாக இருக்கலாம் என்றார். தெரியும் என்றேன். பிள்ளைகள் உன்னை நம்பியிருக்கிறார்கள் என்றார். அதனால்தான் என்றேன். பயந்துவிட்டாய் என்று ஆட்கள் சொல்வார்கள் என்றார். அதுதான் தைத்தது. பல் உடைந்து, விலா உடைந்து, விரல் இரண்டு கோணலாகிப்போன ஒருத்தியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். பதிலுக்கு நான் சொன்னதை எழுதினால் இந்தக் கொப்பிக்குக் கூச்சம் வரும்.

போகும்போது எலோடி வாசலில் நின்றாள். மணிக்கட்டில் கட்டு. "மன்னித்துக்கொள், நீ சரியான இடத்தில்தான் நின்றாய்," என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய தலை என் தாடையில் இடித்து எனக்கு உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது. நல்ல முடிவுதான் எடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு ரமணனை விட்டுச் சொல்லச் சொன்னேன். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை, போனை வச்சிட்டா," என்றார்.

ஏப்ரல் 26, சனி

மூன்றாவது வரிசையில், ரமணனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தேன். டொக்டர் பார்த்தால் சத்தம் போடுவார். போடட்டும், என் பிள்ளைகள் விளையாடும்போது நான் வீட்டில் படுத்திருக்க முடியாது. தொப்பியை இழுத்துவிட்டு, காதில் பஞ்சு. அம்மா என்னோடு கதைக்கவில்லை. கோவமாக்கும் என்று நினைத்தேன். ஒரு பஸ் சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, மகள் சும்மா குந்தியிருந்தால் கோவம் வராதா?

பின்வரிசையிலிருந்து கோயில் ஆள் ஒருவர் எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "தலையிடிக்கு ஒரு பனடோலைப் போட்டிட்டு இறங்கியிருக்கலாம்."

திரும்பினேன். "அண்ணை, உங்கட தலையைக் கழட்டித் தாங்கோ. அதைப் போட்டுக்கொண்டு இப்பவே இறங்கிறன்."

அவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. முதலில் கோல் அடிப்பவர்களுக்குக் கோப்பை. எலோடி கட்டுப் போட்ட கையோடு நின்றாள். என் இடத்தில் ஒரு புதுப் பிள்ளை. நான் கண்ணை எடுக்காமல் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைக்கக்கூட இல்லை. பச்சைச் சட்டைகள் ஓடின, வெள்ளைச் சட்டைகள் ஓடின, எல்லாம் ஒன்றோடொன்று கலந்தன. பிறகு அரங்கம் முழுவதும் ஒரு சத்தம் எழும்பியது. சனம் எழுந்து நின்றது.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"ஆர் அம்மா அடிச்சது? நாங்களோ, அவையளோ?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பாத்துக்கொண்டுதானே இருந்தனீ?"

"பாத்துக்கொண்டுதான் இருந்தனான். தெரியேல்லை."

அம்மாவின் முகம் அப்படியே விழுந்துபோனது. "அவையள்," என்றார். "உன்ர பக்கத்தாலதான் வந்தது."

என் பக்கம். இடப்பக்கம். பழைய நிரோ அந்த வட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மறித்திருப்பாள். இன்றைய நிரோ அந்த இடத்தில் நின்றிருந்தால் வட்டையும் கண்டிருக்க மாட்டாள், பின்னால் வருகிறவளையும் கண்டிருக்க மாட்டாள். தோற்றுவிட்டோம். ஐஸில் என் பிள்ளைகள் மண்டியிட்டு அழுதார்கள். நான் இருந்த இடத்தில் இருந்து அழுதேன். ஆனால் நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் செய்வேன். யார் என்ன எழுதினாலும் எழுதட்டும்.

சனம் கலையத் தொடங்கியபோது அம்மா வாயைத் திறந்தார்.

"நான் வேண்டாமெண்டு சொல்லியிருந்தா நீ இண்டைக்கு உள்ள நிண்டிருப்பாய்."

"என்ன?"

"சின்னனில இருந்து பாக்கிறன். நான் வேண்டாமெண்டா உனக்கு வேணும். அதுதான் இந்தமுறை விளையாடெண்டு சொன்னனான். மருமோனையும் நான்தான் வாய் திறக்க வேண்டாமெண்டு சொல்லி வச்சனான். பாவம், மனுசன் ரண்டு கிழமையாச் சரியாச் சாப்பிடேல்லை."

நான் ரமணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாகத் தன் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். கட்டித்தான் இருந்தது.

"நான் உண்மையா இறங்கியிருந்தா என்ன செய்திருப்பியள்?"

"நானும் இறங்கியிருப்பன்," என்றார் அம்மா. "சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு ஐஸுக்கு வந்து உன்னைக் காதில பிடிச்சு இழுத்துக்கொண்டு போயிருப்பன். ஆர் மறிக்கிறது?"

சொல்வதைச் செய்யக்கூடியவர். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"முடிவெடுத்தது நான்," என்றேன். "நீங்கள் இல்லை. உங்கட கெட்டித்தனமும் இல்லை."

"ஓம் பிள்ளை, நீதான்."

சொல்லிவிட்டு, போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, என் தொப்பியைக் கழற்றி, தலையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் மடியில் சாய்த்தார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.